பார்சலில் பிள்ளையின் பங்கு

கந்தளாய்ப் பட்டணத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நின்று பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கறிச்சட்டிகள் வரிசையாக இருக்கும். கடைக்காரர் தாளை விரித்து, கோப்பையால் சோற்றை அள்ளிக் கவிழ்ப்பார். அதன்மேல் பருப்பு, ஒரு பக்கம் பூசணிக்காய், மறுபக்கம் கீரைச் சுண்டல், நடுவில் ஒரு கோழித்துண்டு, எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு ஒரு கரண்டி ஆணம், ஓரத்தில் சம்பலும் பொரித்த அப்பளமும். நாலு மூலையையும் மடித்து, றப்பர் வளையம் போட்டுக் கையில் தருவார். அரை நிமிட வேலை.

வீட்டுக்கு வந்து பார்சலைத் திறக்கும்போதுதான் "பிள்ளைக்கும் ரெண்டு வாய் குடுப்பம்" என்ற நினைப்பு வருகிறது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. ஆணம் சோற்றுக்குள் இறங்கிவிட்டால் உறைப்பையும் உப்பையும் யாராலும் பிரித்தெடுக்க முடியாது. பிள்ளையோடு பார்சலைப் பங்குபோட நினைப்பவர் கடையிலேயே பங்கைப் பிரித்து வாங்க வேண்டும். எந்த வயதில், எதை, எவ்வளவு நேரத்துக்குள் என்று தெரிந்திருந்தால் அந்த அரை நிமிடம் போதும்.

கடைச் சாப்பாட்டைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமல்ல. குருநாகல், தம்புள்ளை, ஹபறணை தாண்டித் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதி கந்தளாய் வழியாகத்தான் செல்கிறது. பஸ்ஸில் வரும் குடும்பங்கள் இங்கே இறங்கிச் சாப்பாடு வாங்குகின்றன. குளத்து நீர் பாயும் வயல்களில் அறுவடை நாட்களில் அடுப்பு மூட்ட நேரமிருக்காது. கிளினிக்குக்குப் போன தாய் வெயிலில் திரும்பி வந்து சமைப்பாள் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த நாட்களில் ஒரு பார்சலை மூன்று பேர் பிரித்துச் சாப்பிட்ட வீடுகள் பல. அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பங்குபோடும் விதத்தைச் சரியாக அறிந்துகொண்டால் போதும்.

முதலில் வயது.

ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை வீட்டுச் சோறு, பருப்பு, மீன், மரக்கறி, முட்டை எல்லாம் மசித்துக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கடைப் பார்சல் மட்டும் இந்த வயதில் வேண்டாம். இதற்கு முதற்காரணம் உப்பு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 1 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது பிரித்தானியச் சுகாதாரச் சேவை. பாலிலும் மரக்கறியிலும் இயல்பாக இருப்பதே அந்தத் தேவைக்குக் காணும். பயணம் போகிறீர்களா? கதலிப் பழம் இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தோலுரித்து, சுத்தமான கரண்டியால் மசித்தால் அதைவிடப் பாதுகாப்பான வழிச் சாப்பாடு கிடையாது. தேன் மட்டும் ஒரு வயதுக்குள் துளியும் வேண்டாம். சில வேளை அதில் இருக்கும் ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கிவிடும்.

ஒரு வயது தாண்டியதும் கதவு கொஞ்சம் திறக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை நாளுக்கு 2 கிராம் உப்பு, நாலிலிருந்து ஆறு வரை 3 கிராம் என்பது அதே சேவை சொல்லும் மேல் எல்லை. மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு ஐந்து ஆறு கிராம் இருக்கும். அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதுதான் இரண்டு வயதுப் பிள்ளைக்கு முழு நாளைக்கும். இனிக் கடைச் சாப்பாட்டைப் பாருங்கள். பிரைட் ரைஸில் ஊற்றும் சோயா சோஸின் ஒரு மேசைக்கரண்டியிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். கருவாடு, அப்பளம், அச்சாறு, மாசிச் சம்பல் என்று பெரியவர்களுக்கு நாக்கில் நீர் ஊறவைப்பவை எல்லாம் உப்பில் ஊறியவைதான். அஜினமோட்டோவைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சாதாரண உப்பில் இருக்கும் சோடியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. அதைத் தனியே நஞ்சென்று பயப்படத் தேவையில்லை, ஆனால் உப்புக்கு மேல் உப்பாக அதுவும் சேர்கிறது.

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கோழித்துண்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் அலசி, சிவப்பு நிறம் போனதும் பிய்த்துப் பிள்ளையின் வாயில் வைப்பார்கள். அம்மம்மாமார் எல்லாரும் செய்தது, நானும் செய்தேன். மேலே ஒட்டிய மிளகாய்த்தூள் தண்ணீரோடு போகும், வாய் எரியாது. ஆனால் இறைச்சிக்குள் ஊறிய உப்பு அங்கேயேதான் இருக்கும். பிள்ளை அழாமல் சாப்பிடுகிறது என்பதால் அது பிள்ளைக்கு ஏற்ற சாப்பாடு ஆகிவிடாது. எப்போதாவது ஒரு நாள் என்றால் பரவாயில்லை. கிழமைக்கு மூன்று நாள் என்றால் அந்த உப்புச் சுவையே பிள்ளைக்குப் பழகிவிடும். பிறகு வீட்டுப் பருப்பு சப்பென்று இருக்கிறது என்று தள்ளிவைக்கும்.

அடுத்தது நேரம். தாய்மார் ஆகக் குறைவாகக் கவனிப்பது இதைத்தான். ஆக ஆபத்தானதும் இதுதான் என்பது என் எண்ணம்.

என் தங்கையின் மகளுக்கு அப்போது மூன்று வயது. அறுவடை நாள். காலை பத்தரைக்குப் பார்சல்கள் வாங்கி, வயல் வரம்பில் ஒரு மரத்தடியில் பையோடு வைத்துவிட்டோம். கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து பிரித்தபோது இரண்டரை மணி. சோறு மணக்கவில்லை, கறி புளிக்கவில்லை, நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம். இரவு ஏழு மணிக்குள் பிள்ளை ஆறு தடவை வாந்தியெடுத்தாள். பெரியவர்களுக்கு வயிற்றைப் பிரட்டியதோடு நின்றுவிட்டது. கடையில் பிழை சொல்ல முடியாது, நாலு மணி நேரம் வெக்கையில் வைத்தது நாங்கள்.

இப்படி நடப்பதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது சோற்றோடு கூடவே வாழும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி. மண்ணிலும் நெல்லிலும் அதன் வித்துகள் இருக்கின்றன. நாம் சோறு வடிக்கும் கொதியில் கிருமி செத்தாலும் வித்து சாவதில்லை. சோறு ஆறி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அது முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடுகிறது. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது; 121 பாகை செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும். சூடாக்கிக் கொடுத்தேனே, பிறகு எப்படி வந்தது என்று தாய்மார் திகைப்பதற்கு விடை இதுதான். நாற்றமும் இருக்காது, நிறமும் மாறாது. சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும்.

1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் பிரைட் ரைஸைச் சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து வாந்தி வந்தபோதுதான் இந்தச் சங்கதி தெளிவாகியது. பிரைட் ரைஸுக்குச் சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக இருக்க வேண்டும். அதற்காக முன்கூட்டியே வடித்து, குளிரூட்டாமல் வெளியில் ஆறவைத்திருந்தார்கள். வறுத்தபோது சூடு ஏறியது, நஞ்சு இருந்தபடியே இருந்தது. 2003இல் பெல்ஜியத்தில் வீட்டில் செய்த பாஸ்தாவைச் சில நாள் கழித்துச் சாப்பிட்ட ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஐவர் நோயுற்றனர்; ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் 14 பாகை சூடு இருந்தது. இப்படி உயிர் போவது மிக மிக அரிது. பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். ஆனால் பத்துக் கிலோ எடையுள்ள உடம்பில் நீர் குறைவது எங்களைப் போல அல்ல, வேகமாக வறண்டுபோகும்.

ஆகவே சமைத்த உணவு 60 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 பாகைக்குக் கீழே குளிராக இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பொதுவிதி. அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் வாங்கிய நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, சோறு இறக்கி ஆறத் தொடங்கியதிலிருந்து தொடங்குகிறது. சில கடைகளில் பதினொரு மணிக்கே பார்சல்கள் கட்டி மேசையில் அடுக்கியிருக்கும். உங்களுக்கு அது சரி. பிள்ளைக்கு என்றால் அடுக்கில் இருப்பதை எடுக்காமல், சட்டியிலிருந்து சூடாகப் போடச் சொல்லுங்கள். கையில் வாங்கும்போது சூடு தெரிய வேண்டும். வீடு போனதும் முதல் பங்கு பிள்ளைக்கு. பெரியவர்கள் குளித்துவிட்டு வந்து பிறகு சாப்பிடலாம். மிஞ்சிய சோற்றை இரவுக்கு எடுத்துவைப்பது பிள்ளை விடயத்தில் வேண்டாம்.

மீனுக்கும் இதுபோல ஒன்று உண்டு. சூரை போன்ற மீன்கள் பிடித்த பின் ஐஸில் சரியாக வைக்கப்படாவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும், அதுவும் சமைத்தால் போகாது. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்தால் அதை நினைவில் வையுங்கள்.

இனி முள்ளும் எலும்பும். இரண்டாவது கடைவாய்ப்பல் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டரை வயதை ஒட்டியே வருகிறது. அதுவரை கடித்துத் துண்டாக்கத் தெரியும், நன்றாக அரைக்க முடியாது. முருங்கைக்காய்ச் சக்கை, கச்சான், கடலை, கோழி எலும்பின் நுனி எல்லாம் அப்படியே தொண்டைக்குள் போகும். முழுக் கச்சானும் முழுக் கடலையும் ஐந்து வயது வரை வேண்டாம். முந்திரிகைப் பழத்தை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். பிள்ளையின் பங்கை விரலால் ஒரு தடவை பிசைந்து பாருங்கள். முள் மட்டுமல்ல, ஆணம் கட்டிய பையின் ஸ்டேப்ளர் கம்பி சோற்றுக்குள் கிடந்ததை நானே எடுத்திருக்கிறேன். றப்பர் வளையத்தைக் கழற்றிய உடனே எட்டாத இடத்தில் போடுங்கள். சூடான கறி பொலித்தீனில் படுவதும் நல்லதல்ல. பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 செப்டம்பர் 1 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு மூடிப் பாத்திரம் கொண்டுபோனால் கடைக்காரர் யாரும் மறுப்பதில்லை.

எவ்வளவு கொடுப்பது? சின்னப் பிள்ளையின் வயிறு தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும். பத்துக் கிலோ பிள்ளைக்கு அது 300 மில்லிலீற்றர். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை ஒரு நேரத்துக்கு 250 மில்லிலீற்றர்க் கோப்பையில் முக்கால் முதல் ஒரு கோப்பை வரை என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஒரு கடைப் பார்சலை அந்தக் கோப்பையால் ஒருநாள் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அளந்தபோது சோறு மட்டும் மூன்று கோப்பை நிறைந்து கொஞ்சம் மிஞ்சியது. ஒரு தாயும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் ஒரு பார்சலைப் பிரித்துக்கொள்வதில் சோற்றுக்குக் குறையில்லை. குறைவது கறி. ஒரே ஒரு கோழித்துண்டு மூவருக்கு என்றால் பிள்ளையின் தட்டில் வெறும் சோறும் ஆணமும்தான் மிஞ்சும். அதனால் ஒரு பார்சலோடு இரண்டு அவித்த முட்டை சேர்த்து வாங்குவது இன்னொரு பார்சல் வாங்குவதைவிட நல்லது.

பிள்ளைக்குத் தனித்தட்டு வையுங்கள். ஒரே தாளில் நாலு கை போனால் மூத்தவன் வேகமாகச் சாப்பிட்டுவிடுவான். இளையவள் சாப்பிட்டாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கந்தளாய் முஸ்லிம் வீடுகளில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்ணும் வழக்கம் அழகானது; அந்த வட்டத்துக்குள்ளேயே பிள்ளையின் சின்னத் தட்டையும் வைக்கலாம். அவள் எல்லாரோடும் சாப்பிட்டவளாகிறாள், அவள் சாப்பிட்ட அளவும் தாய்க்குத் தெரிகிறது. நீங்கள் கடித்ததை, மென்றதைக் கொடுக்காதீர்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிள்ளையின் கையையும்.

இப்போது கடைக்குத் திரும்புவோம். சென்ற மாதம் எனக்கு முன்னால் ஒரு இளம் தாய் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள்.

"நானா, ஒரு கோழிச் சோறு. ஆணத்த மேல ஊத்தாம வேறயாக் கட்டித் தாங்க. பிள்ளைக்குப் பருப்பு தாளிக்காதது இருக்கா?"

"இருக்கு பிள்ள, உள்ள சட்டியில. எடுத்துத் தாறன். முட்டை ஒண்டு அவிச்சது போடவா?"

"போடுங்க. சம்பல் வேணாம்."

அவ்வளவுதான். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, விலையும் கூட்டவில்லை. தாளிதத்தில்தான் செத்தல் மிளகாயும் பலவேளை மாசியும் சேர்கின்றன. அதற்கு முன் எடுத்த பருப்பில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கொஞ்சம் உப்பும்தான். வெள்ளைச் சோறு, அந்தப் பருப்பு, அவித்த முட்டை, கீரைச் சுண்டலில் ஒரு பிடி. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இதைவிட நல்ல கடைச் சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. வீதியோரம் சட்டிகளில் அடுக்கி விற்கும் எருமைத் தயிர் இருக்கும் ஊரில் அதில் இரண்டு கரண்டியும் சேரலாம், பாணியும் சீனியும் இல்லாமல். ஒருபோதும் சாப்பிட்டிராத இறாலை, நண்டை முதன்முதலில் பார்சலில் அறிமுகப்படுத்தாதீர்கள். ஒவ்வாமை வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. சோற்றோடு சோடாவும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். தேயிலை சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைத் தடுக்கும்.

இரவில் கொத்து. இரும்புத் தகட்டின் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் துள்ளுவார்கள். கண்முன்னே சூடாகச் செய்வதால் பகல் சோற்றுக்குச் சொன்ன நேரப் பயம் கொத்தில் குறைவு. ஆனால் உப்பு, சோஸ், எண்ணெய் மூன்றும் கூட. கோழிக் கொத்தில் இன்னொன்று இருக்கிறது: எலும்போடு போட்ட துண்டைத் தகடு வெட்டும்போது எலும்பும் சில்லாக உடையும். ரொட்டித் துண்டுக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. மூன்று வயதுக்குள் கொத்து வேண்டாம். அதற்குப் பிறகு முட்டைக் கொத்து, பச்சை மிளகாயும் சோஸும் போடாமல், உங்களுடையதைப் போடும் முன்பே பிள்ளையினதைப் போடச் சொல்லி வாங்கலாம். ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் நாம் சாப்பிடும் கறியைச் சாப்பிடப் பழகியிருப்பார்கள். அப்போது பகல் பார்சலைத் தாராளமாகப் பங்குபோடலாம், கருவாடும் அச்சாறும் உங்கள் பக்கம் இருக்கட்டும்.

எவ்வளவு பார்த்தும் சில வேளை தவறும். துண்டொன்று சிக்கி, இருமவும் முடியாமல் பிள்ளை திணறினால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே தள்ளும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தடவை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால் பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே ஐந்து தடவை உள்நோக்கி மேலே அழுத்துங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையென்றால் கையில் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவே இரு விரலால் ஐந்து அழுத்தம். வயிற்றில் அழுத்தக் கூடாது. அதற்குள் இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைக்கட்டும், சுவசெரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும்.

வாந்தியோ வயிற்றோட்டமோ என்றால் ஜீவனிப் பக்கெட் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் தொடங்குங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், கண் குழிவிழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், பிள்ளை சோர்ந்து கிடந்தால் விடியும் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு வாங்கியது என்று வைத்தியர் கேட்பார், அதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பாலை நிறுத்தாதீர்கள். வாந்தி நின்று பிள்ளை பசியென்று கேட்டால், அப்போதே வடித்த சோற்றைக் குழையவிட்டு, இளஞ்சூட்டில், அரைக் கோப்பையிலிருந்து தொடங்குங்கள்.